போனஸ் இல்லை, பூனஸ்

'தெரியாது' என்ற சொல்லை நான் இருபத்து மூன்றாவது வயதில்தான் கற்றுக்கொண்டேன். அதற்கு முன்பு அது என் வாயில் வந்ததே கிடையாது. அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று யாராவது கேட்டால், தெரியாவிட்டாலும் ஒரு நேரத்தைச் சொல்லிவிடுவேன். (அக்கரப்பத்தனைப் பக்கம் பஸ் தனக்குத் தோன்றிய நேரத்துக்குத்தான் வரும். அதனால் நான் சொன்ன நேரத்துக்கும் சில நாள் வந்து தொலைத்திருக்கிறது. அதுதான் என்னைக் கெடுத்தது.)

இந்தக் குணத்தோடு இங்கிலீஷும் சேர்ந்தால் என்ன ஆகும்? ஹட்டனில் ஆறு மாதம் இங்கிலீஷ் டிப்ளோமா படித்து, சான்றிதழ் வாங்கி, அதற்கு லெமினேட் போட்டு, எங்கள் லயத்து (தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீட்டு) முன்னறைச் சுவரில் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினேன். சாமிப் படத்தைவிட நாலு விரல் மேலே மாட்டினேன் என்று அப்பா இன்றைக்கும் சொல்வார். எங்கள் மேல் டிவிசனில் அப்போது டிப்ளோமா வாங்கியவன் நான் ஒருவன்தான். எல்லோரும் 'மோகன் தம்பி' என்று கூப்பிட்டவர்கள் 'இங்கிலீஷ் தம்பி' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். எனக்குக் கால் தரையில் படவில்லை.

சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. தோட்டத்தில் இருந்த அத்தனை பேருடைய வாயையும் திருத்தக் கிளம்பினேன். "அது லயம் இல்லப்பா, லைன். பெரட்டுன்னு சொல்லாதீங்க, பரேட். கண்டாக்கு ஐயா இல்ல, கண்டக்டர்." இப்படி ஒரு நாள் மாலை நான் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது, அப்பா எங்கள் மாடு ரோஸியிடம் பால் கறந்துகொண்டிருந்தார். காலையில் தேயிலைக்கு மருந்தடிக்கிற வேலை, மாலையில் ரோஸி, இதுதான் அவர் வாழ்க்கை. கறவையை நிறுத்தாமலே சொன்னார்.

"பெரட்டுக்குப் போனாலும் பரேட்டுக்குப் போனாலும் அதே மலைக்குத்தான்டா அனுப்புவாங்க. ஒந்தலையில மூளைக்குப் பதிலா புண்ணாக்குதான் இருக்கு."

அது அவர் எனக்கு வழக்கமாகச் சொல்வது. பள்ளிக்கூடத்தில் கணக்கில் கோட்டை விட்டபோதும் அதைத்தான் சொன்னார், சைக்கிளைப் பள்ளத்தில் விட்டபோதும் அதைத்தான் சொன்னார். எங்கள் வீட்டில் புண்ணாக்கு என்ற சொல் காதில் விழாத நாள் கிடையாது. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

அந்த வருஷம் தை மாதம் பனி கொட்டோ கொட்டு என்று கொட்டி, புல்லெல்லாம் கருகிக் கறுத்துப்போனது. டிவிசனில் மொத்தம் பதினொரு மாடு. பதினொன்றுக்கும் எலும்பு தெரிந்தது. மிகவும் மோசம் எங்கள் லயத்துக் கடைசி வீட்டு பாக்கியம் அக்காவின் மாடு. சினை மாடு, கன்று போட ஒரு மாதம்தான் இருந்தது. போன தடவை கன்று செத்துப் பிறந்திருந்தது. பாக்கியம் அக்கா பகல் முழுக்கக் கொழுந்து பறித்துவிட்டு, சாயந்தரம் ஆற்றோரம் இறங்கி, ஒரு கைப்பிடி பச்சை கிடைக்காதா என்று தேடி அலைவார். "இந்தத் தடவையாவது உசுரோட ஒண்ணு வரட்டும் தம்பி" என்பார். நான் தலையாட்டுவேன். எனக்கு அப்போது புல்லைப் பற்றிக் கவலைப்பட நேரமில்லை, இங்கிலீஷ் இருந்தது.

அப்படி இருக்கும்போதுதான் தலைவர் ஒரு கடிதத்தோடு வந்தார். தலைவர் என்றால் எங்கள் டிவிசனின் சங்கத் தலைவர், முத்தையா. கொழும்பில் இருக்கிற ஏதோ ஒரு தொண்டு நிறுவனம் அனுப்பிய கடிதம் அது, முழுக்க இங்கிலீஷ். அடியில் மட்டும் தமிழில் ஒரு வரி இருந்தது: தமிழ்ப் பிரதி பின்னர் அனுப்பப்படும்.

"தம்பி, இதக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க" என்றார்.

செய்தி பரவி, எங்கள் வீட்டு இஸ்தோப்பில் பதினைந்து பேர் கூடிவிட்டார்கள். வீட்டு முன்திண்டில் நின்று பேச எனக்கு வாழ்க்கையில் கிடைத்த முதல் சபை. முதலில் கடிதம் முழுவதையும் இங்கிலீஷிலேயே வாசித்தேன். யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. அதற்காகத்தான் வாசித்தேன்.

பிறகு மொழிபெயர்ப்பு. வருகிற வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அதிகாரி ஒருவர் லொறியில் வருவார். மாடு வைத்திருப்பவர்கள் அத்தனை பேரும் மாட்டை, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்துக்குக் கொண்டுவந்து காட்ட வேண்டும். மாடுகள் எண்ணப்படும். எண்ணி முடித்ததும், தலைக்கு இவ்வளவு என்று...

அங்கே நின்றுவிட்டேன். பி, ஓ, ஓ, என், ஏ, சி. என் வாழ்க்கையில் பார்த்திராத சொல். சட்டைப் பையில் இருந்த குட்டி அகராதியை எடுத்துப் புரட்டினேன், அதிலும் இல்லை. (அகராதியிலேயே இல்லையென்றால் அது சட்டச் சொல்லாகத்தான் இருக்கும் என்று என் புண்ணாக்கு மூளை உடனே முடிவு கட்டியது.) எப்படி உச்சரிப்பது? மெனஸ் என்ற சொல்லில் 'சி' வந்தால் 'ஸ்' சத்தம் அல்லவா? அதே மாதிரி ஸ்டைலாகச் சொன்னேன்.

"தலைக்கு இவ்வளவுன்னு பூனஸ்."

தலைவர் முகம் மலர்ந்தது. "போனஸுங்களா தம்பி?"

"போனஸ் இல்ல தலைவரே. பூனஸ்."

"அப்புடின்னா?"

பதினைந்து பேரும் என்னையே பார்த்தார்கள். அந்த நேரத்தில் ஒரே ஒரு சொல் போதும், 'தெரியாது' என்று. சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. நானோ தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"பனிஷ்மென்ட்ன்னு கேள்விப்பட்டிருக்கீங்கல்ல? தண்டனை. அதோட வேர்ச்சொல் லத்தீன்ல பூன். அதுலருந்து வந்ததுதான் பூனஸ். மாட்டு மேல போடுற தண்டம். போனஸ்ன்னா குடுக்கிறது, பூனஸ்ன்னா புடுங்குறது. நேர் எதிர்."

கடிதத்தில் 'மஸ்ட்' என்ற சொல் மூன்று இடத்தில் இருந்தது. மஸ்ட் வந்த கடிதத்தால் தோட்டத்துக்கு நல்லது நடந்து நான் பார்த்ததில்லை. அதனால் எனக்குக் கொஞ்சம்கூடச் சந்தேகமே வரவில்லை. இஸ்தோப்பு முழுக்க முணுமுணுப்பு. பாக்கியம் அக்கா மட்டும் நேராகக் கேட்டார்.

"மாடு இல்லாதவுகளுக்கு?"

கடைசி வரியை விரலால் தொட்டுக் காட்டினேன். "இந்தா, அதையும் எழுதியிருக்கான். மாடு இல்லாட்டி பூனஸ் இல்ல."

"அப்ப நம்மகிட்ட மாடே இல்லன்னு சொல்லிருவோம்" என்றார் தலைவர். எல்லோரும் என் பக்கம் திரும்பி, தம்பி இருந்ததால் தப்பித்தோம் என்றார்கள். ஒருவர் முறுக்குக் கொண்டுவந்து கொடுத்தார். சாப்பிட்டேன்.

இல்லை, எனக்கு மனசாட்சியே இல்லை என்று நினைக்க வேண்டாம். மறுநாள் காலை மெதுவாகத் தண்ணீர்த் தாங்கிப் பாறைக்கு ஏறினேன். எங்கள் லயத்தில் சிக்னல் கிடையாது, பாறையில் நின்று கையை உயர்த்தினால் ஒரு கோடு வரும். போனில் அந்தச் சொல்லை அடித்தேன். வட்டம் சுற்றி, சுற்றி, சுற்றி, கடைசியில் ஒரே ஒரு வரி வந்து நின்றது: 'ஒயில் கேக்'. அதற்குக் கீழே இருந்தது வருவதற்குள் சிக்னல் போய்விட்டது.

ஒயில் கேக் எது என்று மலைநாட்டில் யாருக்குத் தெரியாது? சித்திரை வருஷப் பிறப்புக்குப் பக்கத்துக் கிராமத்துச் சிங்களக் குடும்பங்கள் தட்டு நிறைய அடுக்கிக் கொண்டுவந்து கொடுப்பார்களே, எண்ணெயில் பொரித்த கெவும், அதை இங்கிலீஷில் அப்படித்தான் சொல்வார்கள். மாட்டை எண்ணிப் பார்த்து, தலைக்கு இவ்வளவு கெவும் கொடுக்க யாராவது லொறியில் வருவார்களா? பைத்தியக்காரத்தனம். இது வேறு பூனஸ், நம்முடையது சட்டப் பூனஸ் என்று தீர்மானித்துப் பாறையை விட்டு இறங்கினேன். உண்மை கையில் வந்து உட்கார்ந்ததைத் தட்டிவிட்டு வந்தவன் நான்.

வியாழக்கிழமை விடியற்காலையிலேயே மாடுகளை மறைத்தோம். ஆறு மாடு டர்பன்டைன் மரக்காட்டுக்குள். மூன்று, கோயிலுக்குப் பின்னால். பாக்கியம் அக்காவின் சினை மாட்டால் ஏற்றம் ஏற முடியாது என்பதால், பூட்டிக் கிடந்த பழைய பிள்ளைக் காம்பராவில். (அம்மாமார் கொழுந்துக்குப் போனபோது நாங்களெல்லாம் தொட்டிலில் கிடந்த இடம். அக்கா உள்ளே விட்டுக் கதவைச் சாத்தும்போது மாட்டிடம் "அழுவாம இருடி" என்று சொல்லிவிட்டு வந்தார்.) ரோஸியை எங்கள் முன்னறைக்குள் கொண்டுவந்து, வாசலில் பெட்ஷீட்டைத் தொங்கவிட்டு, ரேடியோவைச் சத்தமாக வைத்தோம். ரோஸி பசித்தால் கத்துவாள். அவளுக்கு எப்போதும் பசிக்கும்.

ஒன்பது மணிக்கு லொறி வந்தது, மேலே படங்கு போட்டு மூடியிருந்தது. முன்னால் இருந்து இறங்கியவர் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு சிங்கள அதிகாரி, எங்கள் பேச்சில் மாத்தையா. தலைவர் வணக்கம் சொல்வதற்குள் நான் முந்திக்கொண்டு இங்கிலீஷில் வரவேற்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சரி என்று இங்கிலீஷிலேயே கேட்டார், மாடுகள் எங்கே என்று.

"நோ கேட்டல், சேர்" என்றேன்.

அவர் தன் கால் சப்பாத்துக்கு முன்னால் கிடந்த சாணத்தைக் காட்டினார்.

"ஓல்ட், சேர்" என்றேன். அதிலிருந்து இன்னும் ஆவி வந்துகொண்டிருந்தது.

அவர் பெருமூச்சு விட்டு ஒரு படிவத்தை நீட்டினார். இந்த டிவிசனில் மாடுகள் எதுவும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். என் வாழ்க்கையில் அவ்வளவு அழகாக நான் கையெழுத்துப் போட்டதில்லை, பெயருக்கு அடியில் 'டிப்ளோமா' என்றும் சேர்த்தேன். லொறிக்குப் பின்னால் நின்ற உதவியாள், படங்கின் மூலையை இழுத்துக் கட்டுவதற்காக ஒரு பக்கம் அவிழ்த்தான். ஒரு வாசம் காற்றில் வந்தது. எனக்குத் தெரிந்த வாசம் மாதிரிதான் இருந்தது, ஆனால் நான் இங்கிலீஷ் பேசிக்கொண்டிருந்தேன்.

ரோஸி இங்கிலீஷ் படிக்காதவள். முன்னறைக்குள்ளிருந்து ஒரு கத்தல் கத்தினாள் பாருங்கள், ரேடியோச் சத்தம் அடங்கிப்போனது.

"என்ன அது?" என்றார் மாத்தையா.

"ரேடியோ, சேர்."

பிள்ளைக் காம்பராவிலிருந்து ஒரு கத்தல். கோயில் பக்கமிருந்து மூன்று. மேலே காட்டுக்குள்ளிருந்து ஆறும் சேர்ந்து.

"எல்லா வீட்டிலும் ஒரே நிகழ்ச்சி, சேர்" என்றேன்.

அவருக்குப் பொறுமை போய்விட்டது. என்னை விட்டுவிட்டுத் தலைவர் பக்கம் திரும்பிச் சிங்களத்தில் சொன்னார். "ஒயாலாட்ட புனக்கு ஓன நெத்நங் அபி யனவா." உங்களுக்குப் புனக்கு வேண்டாமென்றால் நாங்கள் போகிறோம். சொல்லிவிட்டு லொறியில் ஏறினார். லொறி கீழ் டிவிசன் பக்கம் வளைந்து மறைந்தது.

தலைவர் மெதுவாக என் பக்கம் வந்தார்.

"தம்பி, அந்தக் கடுதாசிய இன்னொருக்கா படிங்க. கடைசி எழுத்த 'ஸ்'ன்னு சொல்லாம, 'க்'ன்னு வெச்சுப் படிங்க."

எடுத்தேன். விரலை வைத்து எழுத்துக் கூட்டினேன். "பூ... னாக்..."

"புண்ணாக்கு" என்று முடித்தார் பாக்கியம் அக்கா.

அப்பா கூட்டத்தின் பின்னாலிருந்து முன்னால் வந்தார். கோபப்படவில்லை. என்னையும் கடிதத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "இருபத்து மூணு வருஷமா நான் சொல்றதத்தான் இப்ப கொழும்புல இருந்து எழுதியே அனுப்பியிருக்கான்" என்றார்.

யாரோ சிரிக்க ஆரம்பித்தார்கள். நானும் சிரித்துச் சமாளித்துவிடலாம் என்றுதான் பார்த்தேன். பாக்கியம் அக்கா சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. "வயித்துல கன்னு இருக்குதே தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டு, பிள்ளைக் காம்பராக் கதவைத் திறக்கப் போனார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்த ஒரு வரியைத் தாங்க முடியவில்லை. வெட்கம் என்றால் என்ன என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஓட ஆரம்பித்தேன்.

ரோட்டு வழியாகப் போனால் கீழ் டிவிசன் மூன்று மைல். தேயிலைக்குள் குறுக்கே இறங்கினால் முக்கால் மைல். இறங்கினேன். கால்வாசியை ஓடினேன், மிச்சத்தை உருண்டேன். நான் போய்ச் சேர்ந்தபோது லொறி நின்று, முதல் மூட்டையை இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு சப்பாத்து எங்கோ வடிகால் கானில் போயிருந்தது. சட்டையெல்லாம் மண். கீழ் டிவிசன் சனம் முழுக்க நின்று வேடிக்கை பார்க்க, மாத்தையா முன்னால் போய் நின்றேன். வாயைத் திறந்தால் ஒரு இங்கிலீஷ் சொல்கூட வரவில்லை. ஆறு மாதம் படித்தது அத்தனையும் அந்தச் சரிவிலேயே கொட்டிப்போயிருந்தது.

"எனக்கு அந்தச் சொல் தெரியாதுங்க" என்றேன் தமிழில். "தெரியாமலே தெரிஞ்ச மாதிரி சொல்லிட்டேங்க. மாடு இருக்கு. பதினொண்ணு இருக்கு. ஒண்ணு சினை மாடு."

மாத்தையா நல்ல சுத்தமான மலைநாட்டுத் தமிழில் சொன்னார்.

"இத மொதல்லயே தமிழ்ல பேசியிருக்கலாமே தம்பி. நான் பதினஞ்சு வருஷம் தலவாக்கலையில வேலை செஞ்சவன். நீங்க இங்கிலீஷ்ல ஆரம்பிச்சீங்க, சரி, மரியாதைக்கு நானும் பேசினேன்."

பூமி பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம். விழுங்கவில்லை. அதோடு விடவுமில்லை அவர். கையெழுத்துப் போட்ட படிவத்தை மாற்ற வேண்டுமென்றால் கோப்பில் ஒரு காரணம் இருக்க வேண்டுமாம். லொறியின் பக்கப் பலகையில் தாளை வைத்து, அவர் சொன்னபடி இங்கிலீஷில் எழுதினேன்: 'பூனக் என்ற சொல்லின் பொருள் எனக்குத் தெரியாத காரணத்தால் மேற்படி தவறு நேர்ந்தது.' கீழே கையெழுத்து. டிப்ளோமா என்று சேர்க்கவில்லை. பேனா இரவல் கொடுத்தது கீழ் டிவிசனைச் சேர்ந்த ஒரு பெண். நான் எழுதி முடிக்கிற வரைக்கும் அவள் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டே இருந்தாள்.

கீழ் டிவிசனுக்கு உரியதை இறக்கிய பிறகு லொறி மீண்டும் மேலே ஏறியது, மூட்டைகளுக்கு மேலே நான். பதினொரு மாடும் பெரட்டுக் களத்தில் வரிசையில் நின்றன. மாத்தையா ஒவ்வொன்றாக எண்ணினார். ரோஸியைக் கூப்பிட அப்பா முன்னறைக்குள் போனபோது, அவள் என் சான்றிதழின் ஒரு மூலையை லெமினேட்டோடு சேர்த்து மென்றுகொண்டிருந்தாளாம். பாக்கியம் அக்காவின் மூட்டையை நானே முதுகில் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன். இரண்டு தடவை கீழே போட்டேன். அக்கா அப்போதுதான் சிரித்தார்.

சாயந்தரம் திரும்பவும் தண்ணீர்த் தாங்கிப் பாறைக்கு ஏறினேன். அன்றைக்கு என்ன அதிசயமோ, பக்கம் முழுவதும் வந்தது. தேங்காயிலிருந்து எண்ணெய் எடுத்த பிறகு மிஞ்சும் சக்கை, கால்நடைத் தீவனம். அதற்குக் கீழே, முதல் தடவை மட்டும் வந்திருந்தால் என் மானத்தைக் காப்பாற்றியிருக்கக்கூடிய வரி: சொல்லின் பிறப்பு, சிங்களம் 'புனக்கு', தமிழ் 'புண்ணாக்கு'. லைனை லயமாக்கியதற்காகவும் பரேட்டைப் பெரட்டாக்கியதற்காகவும் எங்கள் சனத்தைப் பார்த்து நான் சிரித்திருந்தேன். அதே வேலையை வெள்ளைக்காரனும் எங்கள் புண்ணாக்குக்குச் செய்திருக்கிறான், அதற்கு நான் லத்தீனில் வேர் தேடியிருக்கிறேன். பாறையில் உட்கார்ந்து தனியாகச் சிரித்தேன்.

நாலு கிழமை கழித்து பாக்கியம் அக்காவின் மாடு கன்று போட்டது. உயிரோடு, துள்ளிக்கொண்டு, நெற்றியில் வெள்ளையோடு ஒரு கிடாரிக் கன்று. பெயர் வைக்க என்னைத்தான் கூப்பிட்டார்கள், ஆனால் நான் போய்ச் சேருவதற்குள் பெயர் வைத்தாகிவிட்டது. பூனஸ்.

அதே கிழமை, பின்னர் அனுப்பப்படும் என்று சொன்ன தமிழ்ப் பிரதியும் வந்து சேர்ந்தது. முதல் வரியிலேயே கொட்டை எழுத்தில் புண்ணாக்கு. அப்பா அதை மாட்டுப்பட்டிச் சுவரில், ரோஸியின் முகத்துக்கு நேராக ஒட்டினார். "இவளாச்சும் படிக்கட்டும்" என்றார்.

இதெல்லாம் நடந்து பன்னிரண்டு வருஷமாகிறது. இப்போது நான் தலவாக்கலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் ஆசிரியர். (சிரிக்காதீர்கள். நல்லாத்தான் படிப்பிக்கிறேன்.) தெரியாத சொல்லைப் பிள்ளைகள் கேட்டால், தெரியாது, பார்த்துச் சொல்கிறேன் என்பேன். பேனா கொடுத்த பெண்ணைத்தான் கல்யாணம் செய்துகொண்டேன். பேனாவை இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை என்று சொல்லிக்காட்டுவாள். நான் வீட்டில் எதையாவது அடித்துச் சொன்னால், எட்டு வயது மகள் சோற்றுத் தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே, "தெரிஞ்சு சொல்றீங்களாப்பா, இல்ல பூனஸா?" என்று கேட்பாள்.

எங்கள் தோட்டத்தில் அது ஒரு சொல்லாகவே நிலைத்துவிட்டது. தெரியாததைத் தெரிந்த மாதிரி அளப்பதற்குப் பெயர் பூனஸ் விடுவது. மழை வராது என்று அடித்துச் சொல்கிறவரிடம் "பூனஸ் விடாதய்யா" என்பார்கள். எங்கள் மலையோடு அது நின்றுவிடும் என்றுதான் நான் நம்பியிருந்தேன்.

போன மாதம் ஹட்டன் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். முன்னால் ஒருவர், இந்த பஸ் நல்லதண்ணி வரைக்கும் போகும், எனக்கு நல்லாத் தெரியும் என்று பக்கத்தில் இருந்தவருக்கு உறுதி சொல்லிக்கொண்டிருந்தார். டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த கண்டக்டர் பையன் திரும்பிப் பார்த்து, "சும்மா பூனஸ் விடாதீங்கண்ணே, இது ஹட்டனோட நிக்கும்" என்றான். முகத்தை நன்றாகப் பார்த்தேன். எங்கள் தோட்டம் இல்லை, எங்கள் பக்கமே இல்லை.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அவன் என்னிடம் வந்தபோது மெதுவாகக் கேட்டேன். "தம்பி, இப்ப பூனஸ்ன்னு சொன்னீங்களே, அது என்னா சொல்லு?"

அவன் என் வெள்ளைச் சட்டையையும் கையில் இருந்த புத்தகங்களையும் பார்த்தான். கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"அது இங்கிலீஷ் சொல்லுங்க சேர்" என்றான். "ஒங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாது தம்பி" என்றேன்.